நண்டுக்கும் தடிமல்

என் மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். ஐந்து நாள் பயிற்சி ஒன்றுக்குக் கண்டிக்குப் போகவேண்டி வந்தபோது, எங்கள் நாலு வயது மகளை என்னிடம் விட்டுப்போவதா, களுவாஞ்சிக்குடியில் இருக்கும் தன் தங்கையிடம் விடுவதா என்று ஒரு கிழமையாக யோசித்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறதென்று எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"என்னட்ட விட்டுட்டுப் போ. கந்தோருக்கு லீவு போடுறன். என்ட புள்ளையப் பாக்க எனக்குத் தெரியாதா?" என்றேன்.

புளியந்தீவில் ஒரு கந்தோரில் எனக்குக் கிளாக்கர் வேலை. பதினான்கு வருடமாகக் கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கிறவனுக்கு ஒரு பிள்ளையை ஐந்து நாள் ஒழுங்காக வைத்திருக்க முடியாதா என்பது என் எண்ணம். மனைவி பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கும், எந்தக் கிளாஸில் பால் குடிக்கும், சோற்றில் மீன் முள்ளை எப்படித் தேடிப் பார்க்கவேண்டும் என்று இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள். தடிமல் வந்தால் என்ன செய்வதென்று மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை.

திங்கட்கிழமை அவள் பஸ் ஏறினாள். செவ்வாய்க்கிழமை காலையில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் மூன்று தரம் தும்மினாள். பிட்டு மேசை முழுக்கப் பறந்தது.

"அப்பா, என்ட மூக்கு அழுவுது" என்றாள்.

பார்த்தேன். மெய்தான். இரண்டு பக்கத்தாலும் அழுதுகொண்டிருந்தது.

மனைவிக்குச் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். போன மறுநாளே பிள்ளைக்குத் தடிமல் என்றால், அந்த ஒரு கிழமை யோசனை சரியென்று ஆகிவிடும். அதனால் பழுகாமத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் எடுத்து, வேறு ஏதோ கதைத்துவிட்டு, கடைசியில் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"மூக்கு தண்ணியாப் போகுதா, கட்டியாப் போகுதா?" என்று அக்கா கேட்டா.

"தண்ணியா."

"அப்ப அது ஆத்துக் காத்து. நான் அப்பவே சொன்னன், அந்த வளவு வேணாம் எண்டு."

ஆரையம்பதியில், ஆறு என்று எங்கள் ஊரில் சொல்லுகிற வாவியின் கரையோரம் நாங்கள் வீடு கட்டிய நாளிலிருந்து எங்களுக்கு வருகிற சுளுக்கு, பல்வலி எல்லாவற்றுக்கும் அக்காவிடம் இருக்கிற ஒரே காரணம் இந்த ஆற்றுக் காற்றுத்தான். அவவுடைய வீடும் அதே வாவியின் கரையில்தான் இருக்கிறது. ஆனால் அது அந்தப் பக்கக் கரை. அங்கே வீசுவது வேறு காற்று, நல்ல காற்று என்று சொல்லுவா.

"நான் வாறன்" என்று வைத்துவிட்டா.

அரை மணித்தியாலம் கழியவில்லை, கண்டியிலிருந்து மனைவி எடுத்தாள்.

"புள்ளைக்குத் தடிமலாம்?"

"ஆரு சொன்னது?"

"உங்கட அக்கா எடுத்து, புள்ளைக்குக் கொத்தமல்லி குடுத்துப் பழக்கல்லியா எண்டு எனக்கு ஏசுறா. காய்ச்சல் இரிக்கா?"

"இல்ல."

"சாப்பிடுறாளா? விளையாடுறாளா?"

"ரெண்டும்தான்."

"அப்ப ஒண்டும் செய்யாதீங்க. இளஞ்சூடாத் தண்ணி குடுங்க, மூக்கத் துடைச்சு விடுங்க. காய்ச்சல் வந்தா, மூச்சு வாங்கினா டொக்டரிட்டக் கொண்டு போங்க. விளங்கிச்சா? வேற ஒண்டும் செய்யப்படாது."

இப்போது யோசித்தால், அந்தக் கிழமை முழுக்க அந்த வீட்டுக்குள் பேசப்பட்ட ஒரே புத்தியான பேச்சு அதுதான். ஆனால் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிற ஒருவனிடம் ஒன்றும் செய்யாதே என்று சொல்வது லேசான காரியமில்லை. மகள் மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மூக்குக்குள்ளிருந்து சின்ன ஊதுகுழல்போல ஒரு சத்தம். பக்கத்தில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஒரு நொடி நின்றால் குனிந்து அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். திரும்ப வந்தால் எரிச்சலாக இருந்தது. ஏதாவது செய்தே ஆகவேண்டும்போல இருந்தது.

அக்கா வந்து சேர்ந்தா. பட்டிருப்புப் பாலத்தால் வந்து, களுவாஞ்சிக்குடியில் பஸ் மாறி, ஒரு உரப்பை நிறைய இலையோடு வந்திருந்தா. கற்பூரவள்ளி, நொச்சி, ஆடாதோடை, துளசி. கூடவே இன்னும் இரண்டு இலை. அவற்றின் பெயர் அவவுக்கே தெரியாது. "வரக்குள்ள வேலியில கிடந்திச்சு" என்றா. அந்த இரண்டையும் நான் மெல்ல எடுத்து வெளியே போட்டேன்.

கொத்தமல்லியும் இஞ்சியும் அவிந்தது. வீடு முழுக்க வாசம். ஆறவைத்து, சர்க்கரை போட்டு, தாளில் எழுதியிருந்த அதே கிளாஸில் ஊற்றிக் கொண்டுபோனேன். மகள் கிளாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க முதல்ல."

இதற்குக் காரணம் உண்டு. சில மாதத்துக்கு முன் வயிற்றுப் பூச்சி மருந்தை இனிப்பு என்று சொல்லிப் பருக்கியிருந்தேன். அதை அவள் மறக்கவில்லை. அதனால் நான் குடித்தேன். "ஆ, நல்லா இரிக்கி" என்றேன்.

"முழுக்க."

முழுக்கக் குடித்தேன். இன்னொரு கிளாஸ் வந்தது.

"இப்ப மாமி."

அக்கா குடித்தா. மூன்றாவது கிளாஸ் வந்தபோது மகள் சொன்னாள், "இப்ப எனக்கு வேணாம். நீங்க ரெண்டு பேரும் நல்லாக் குடிச்சீங்க."

பிறகு ஆவி பிடிக்கிற யோசனை. சுடுதண்ணிச் சட்டியைப் பிள்ளைக்குக் கிட்டக் கொண்டுவர எனக்குப் பயம். அதனால், நான் பிடிப்பதைப் பார்த்தால் அந்த அறைக்குள் வந்து ஓரமாய் இருந்து மூச்சை இழுப்பாள் என்று கணக்குப் போட்டேன். நொச்சி இலை போட்ட சட்டிக்கு முன்னால் குந்தி, போர்வையால் மூடிக்கொண்டேன். வெந்து வேர்த்து வெளியே வந்து பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. நானும் அக்காவும் வீட்டைச் சுற்றி ஓடினோம். கடைசியில் அவள் உடுப்பு அலுமாரிக்குள் இருந்தாள்.

"அப்பா ஒளிச்சீங்க. மறுகா நான் ஒளிச்சன்" என்றாள். விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள்.

அடுத்தது பத்து. சுக்கை உரைத்து இளஞ்சூடாக்கி நெற்றியில் பூசுவது. எனக்குப் பூசியாயிற்று. அக்காவுக்கும் பூசியாயிற்று. மகள் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் நின்று தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"வடிவா இரிக்கி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

பக்கத்து வளவில் இருக்கும் அண்ணன் வாவியில் வலை போடுகிறவர். அன்று பின்னேரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, தலையிடியா?"

"இல்லண்ணன். புள்ளைக்குத் தடிமல்."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். வாசலில் இருந்த அக்காவின் நெற்றியைப் பார்த்தார். முற்றத்தில் ஒன்றும் பூசாமல் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். நல்ல மனிதர், நேரே வைத்தியத்துக்கு வந்துவிட்டார்.

"இதெல்லாம் சரிவராது. நண்டுச் சாறு வைச்சுக் குடுங்க. மிளகு தட்டிப் போட்டு. ஒரே நாள்ல மாறும். நாளைக்கு வெள்ளன நான் கொண்டு வாறன்."

சொன்னபடி புதன்கிழமை விடியக் கொண்டுவந்தார். என் இரண்டு கையும் சேர்ந்த அளவில் ஒரு களப்பு நண்டு. கால்களைக் கயிற்றால் கட்டியிருந்தார், ஆனால் கவ்வுகிற பெரிய கடியன் ஒன்று மட்டும் எப்படியோ கயிற்றை விட்டு வெளியே நின்றது. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பேசினில் அதை வைத்துவிட்டுப் போனார். அக்கா குசினிக்குள் மிளகும் உள்ளியும் தட்டத் தொடங்கினா. சந்தோஷமான சத்தம் அது. கடைசியாகக் கைகண்ட வைத்தியம் ஒன்று கிடைத்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

மகள் பேசினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தாள். தண்ணிக்கு வெளியே எடுத்த நண்டு செய்கிறதுபோல அது முகத்துக்கு முன்னால் நுரை நுரையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. சின்னச் சின்னக் குமிழ்கள். ஒன்று உடைய இன்னொன்று வந்தது.

"அப்பா!" என்று கத்தினாள். "சுறுக்கா வாங்க! இவருக்கும் மூக்கால வருது!"

"அது மூக்கில்லம்மா. நண்டு அப்பிடித்தான் நுரை தள்ளும்."

"இல்ல. இவருக்கும் தடிமல்."

அக்கா மிளகு தட்டிய கையோடு வெளியே வந்தா. "அத எடு தம்பி, தண்ணி கொதிக்குது."

"எதுக்கு மாமி?"

"சாறு வைக்க."

மகள் எழும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பேசினுக்கு முன்னால் நின்றாள். முகம் சிவந்து, மூக்கு ஒழுகி வாய்க்கு வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை.

"சுகமில்லாத ஆக்களச் சட்டிக்க போடுறதா?"

அக்கா என்னைப் பார்த்தா. நான் அக்காவைப் பார்த்தேன். நண்டு நுரை தள்ளியது. அக்கா உள்ளே போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, பேசினுக்கு இந்தப் பக்கம் கால் நீட்டி இருந்தா.

அன்றிலிருந்து மருந்து கொடுக்கிற வரிசை மாறியது. முதலில் நண்டு, பிறகு நான், பிறகு மாமி, கடைசியில் அவள். கொத்தமல்லித் தண்ணியை ஒரு கரண்டியில் எடுத்து, ஒரு முழம் தள்ளி நின்று, நண்டுக்கு மேல் ஊற்றினேன். நண்டு கரண்டியைப் பிடித்துக்கொண்டது. இழுத்தேன். அதுவும் இழுத்தது. மகளை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு நண்டோடு கரண்டிக்குச் சண்டை பிடித்தபடி நான் முற்றத்தில் நின்ற அந்த நேரம் பார்த்து மனைவி வீடியோ கோல் எடுத்தாள். அக்காதான் போனைத் தூக்கினா.

"அவர் எங்க?"

"நண்டுக்கு மருந்து பருக்கிறான்" என்று அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டா.

அந்தப் பக்கத்தில் அவள் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு மனைவி, "புள்ளைக்குக் காய்ச்சல் இல்லத்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

கரண்டியை நண்டே மத்தியானம் போல விட்டுவிட்டது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த முறை மகள் குடித்தாள். நண்டு குடித்துவிட்டது, அப்பா குடித்துவிட்டார், மாமி குடித்துவிட்டா என்று விரலில் எண்ணிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று மிடறு குடித்தாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு நண்டின் மேல் அவவுக்கும் ஒரு மரியாதை வந்தது. பத்துப் போடும்போது, "அவருக்குப் பூசியாச்சா?" என்று முதலில் கேட்பது அக்காதான். ஒரு தென்னை ஈர்க்கின் நுனியில் சுக்கைத் தொட்டு, அதன் ஓட்டுக்கு மேல் மெல்லப் பூசி விடுவா. நண்டு அசையாமல் இருக்கும். "உன்னப் போல இல்ல, பொறுமையான ஆள்" என்று என்னிடம் சொன்னா.

வியாழக்கிழமை கொத்தமல்லி முடிந்துவிட்டது. நாலு பேர் குடித்தால் முடியாமல் என்ன செய்யும்? மகளை மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். நாங்கள் வழக்கமாகச் சரக்குச் சாமான் வாங்குகிற கடைக்காரர், எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர், பிள்ளையின் மூக்கைக் கண்டதும் கல்லாவை விட்டு எழும்பி வந்தார்.

"கொத்தமல்லியெல்லாம் மெதுவா வேலை செய்யும் தம்பி. கருஞ்சீரகம் கொண்டு போங்க. லேசா வறுத்து, நல்லா நுணுக்கி, ஒரு சீலத்துண்டில இறுக்கி முடிஞ்சு மணக்கக் குடுங்க. லேசா மணக்கணும், விளங்கிச்சா? இழுக்கப்படாது."

வீட்டுக்கு வந்து வறுத்தேன். நுணுக்குவதில்தான் அலுப்புப் பட்டுவிட்டேன். பாதி நுணுங்கியது, பாதி முழுசாகவே கிடந்தது. முடிச்சும் அவ்வளவு இறுக்கமில்லை. முடிச்சை ஒரு ஈர்க்கில் கட்டி முதலில் நண்டுக்கு நீட்டினோம். அது கணக்கெடுக்கவில்லை. அடுத்தது என் முறை. மகள் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று, நெஞ்சு நிறைய ஒரு இழுவை இழுத்தேன்.

ஏதோ ஒன்று மேலே போனது தெரிந்தது.

மூக்கைச் சிந்தினேன், வரவில்லை. தும்மினால் வரும் என்று அக்கா மிளகுத்தூளைக் கொண்டுவந்து காட்டினா. பதினொரு தரம் தும்மினேன். அப்போதும் வரவில்லை. மூக்குக்குள் நெருப்பு வைத்ததுபோல எரிந்தது, இரண்டு கண்ணாலும் தண்ணீர் ஓடியது. மகள் தன் சின்னத் துவாயைக் கொண்டுவந்து என் முகத்தைத் துடைத்தாள்.

"அப்பாக்குத்தான் இப்ப தடிமல் கூட" என்று அக்காவிடம் சொன்னாள். "டொக்டரிட்டக் கொண்டு போவம்."

அப்படித்தான் மகள் என்னை டொக்டரிடம் கொண்டுபோனாள். பின்னேரத்தில் ஒரு டொக்டர் வந்து பார்க்கிற சின்ன இடம் அது. வாங்கு முழுக்கப் பிள்ளைகளை மடியில் வைத்த தாய்மார். நடுவில் நான், நெற்றியில் காய்ந்துபோன சுக்கோடு. என் கையைப் பிடித்தபடி மகள்.

பேர் பதிந்து துண்டு எழுதுகிற பெண் பேனையோடு நிமிர்ந்து, "மகளுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டா.

"மகளுக்கில்ல. எனக்கு."

"என்ன?"

"மூக்குக்க கருஞ்சீரகம்."

பின்னாலிருந்த தாய்மார் கதைப்பதை நிறுத்தினார்கள். அந்தப் பெண் குனிந்து எழுதினா. வயதென்ன என்று கேட்டா. நாற்பத்தொன்று என்றேன். அதையும் எழுதினா.

டொக்டர் ஒரு இளம் பெண். மூக்குக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சின்னப் புள்ளையள்தான் இப்பிடி வாறது" என்றா. மெல்லிய இடுக்கி ஒன்றை எடுத்தா. நான் தலையைப் பின்னுக்கு இழுத்தேன். மகள் கதிரையில் ஏறி நின்று என் காதுக்குள் சொன்னாள், "அழப்படாது அப்பா. நண்டு அழல்லதானே."

டொக்டரின் கை நின்றது. "எந்த நண்டு?"

சொல்லவேண்டி வந்தது. கொத்தமல்லியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா நண்டுக்குப் பத்துப் போடுகிற இடம் வந்தபோது டொக்டர் இடுக்கியை மேசையில் வைத்துவிட்டு, எழும்பிப் போய், சுவரில் இருந்த கலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. அவவின் தோள் மட்டும் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகம் ஒழுங்காக இருந்தது. ஒரே இழுவையில் எடுத்து, பஞ்சில் வைத்துக் காட்டினா. ஒரேயொரு கருஞ்சீரகம். இவ்வளவு பாடு படுத்தியது இவ்வளவு சின்னதாக இருந்ததில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு மகளையும் பார்த்தா. காது, தொண்டை, நெஞ்சு. "ஒண்டுமில்ல. சாதாரணத் தடிமல், நாலஞ்சு நாள்ல தானா மாறும். இளஞ்சூடாக் குடிக்கக் குடுங்க. காய்ச்சல் வந்தா, மூச்சு வாங்கினா கொண்டு வாங்க." மனைவி கண்டியிலிருந்து சொன்ன அதே வார்த்தைகள்.

"நண்டுக்கு?" என்று மகள் கேட்டாள்.

டொக்டர் யோசித்தா. உண்மையாகவே யோசித்தா, அதற்காக அவவுக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவன். "அவர ஆத்துத் தண்ணியில கொண்டு போய் விடணும். அதுதான் அவருக்கு மருந்து. நாளைக்கே விடுங்க."

டொக்டர் சொன்னதற்குப் பிறகு பேச்சேது? வெள்ளிக்கிழமை காலை பேசினைத் தூக்கிக்கொண்டு நானும் மகளும் அக்காவும் ஆற்றங்கரைக்குப் போனோம். கயிற்றை அவிழ்க்கத் தெரிந்தவர் வேண்டுமே என்று பக்கத்து வளவு அண்ணனையும் கூப்பிட்டோம். அவருக்கு மனம் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய நண்டு.

"எத்தின வருஷமா நண்டு பிடிக்கிறன்" என்றார் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. "வித்திரிக்கன், திண்டிரிக்கன். மருந்து பூசிச் சுகப்படுத்தி அனுப்பினது இதுதான் முதல்தரம்."

நண்டு கொஞ்ச நேரம் அலைக்கரையில் அப்படியே இருந்தது. பிறகு ஓட்டில் காய்ந்த சுக்கோடு பக்கவாட்டில் நடந்து, தண்ணிக்குள் இறங்கிக் காணாமல் போய்விட்டது. மகள் கை காட்டினாள். அக்காவும் காட்டினா. காட்டிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தா.

சனிக்கிழமை மனைவி வந்தாள். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். வீடு ஒரு மருந்துச் சரக்குக் கடைபோல மணத்தது. மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மூக்கு காய்ந்திருந்தது. அன்று காலையிலிருந்தே ஒழுகவில்லை. எந்த நேரத்தில் நின்றதென்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. நானும் அக்காவும் களைத்துப்போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அது தன்பாட்டில் நின்றிருக்கிறது.

கொத்தமல்லியால் மாறியது என்று அக்கா பழுகாமம் முழுக்கச் சொன்னா. காத்தான்குடிக் காக்காவிடம் போனபோது, நான் வாயைத் திறக்கு முன்னமே, "பாத்தீங்களா, கருஞ்சீரகம் எண்டா கருஞ்சீரகம்தான்" என்றார். என் மூக்கில் நடந்ததை அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணன்தான் எல்லோரையும் விட ஒரு படி மேலே போய்விட்டார். "இவர்ட மகளுக்கு நண்டாலதான் மாறினது" என்று கரையில் நிற்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பொய் என்று எடுத்தெறிந்து சொல்லவும் ஏலாது. நண்டு இல்லாவிட்டால் அவள் அந்த மூன்று மிடறையும் குடித்திருக்க மாட்டாள்.

இரண்டு கிழமை கழித்து ஒரு நாள் காலை, கந்தோருக்கு வெளிக்கிட்டு நிற்கிறேன், அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஒருவர் கேற்றடியில் வந்து நின்றார். கையில் ஒரு பை. பைக்குள் ஏதோ அசைந்தது.

"புள்ளைக்குத் தடிமல். உங்கட மகளுக்கு நண்டுச் சாறு குடுத்துத்தான் மாறினதாம். மிளகு எவ்வளவு போட்டீங்க?"

உள்ளே மகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேற்றை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஒரு தேக்கரண்டி போடுங்க" என்றேன். "உள்ளி ஒரு பூடு. ஆனா ஒண்டு, நண்ட மட்டும் புள்ளைட கண்ணில காட்டிராதீங்க."

அவர் அதைக் கவனமாகக் கேட்டு, போனை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனார்.